மடித்து அனுப்பிய பிரேசில் நோட்டு

வணக்கம் நண்பர்களே. முதலில் என் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். ஒரு மாதமாகக் காத்திருந்த பிரேசில் நோட்டுகள் இன்று காலை வந்து சேர்ந்தன. "அட்டை வைத்து அனுப்புங்கள், மடிக்காதீர்கள்" என்று விற்றவருக்கு இரண்டு முறை எழுதியிருந்தேன். பாருங்கள், 5,00,000 குருசெய்ரோ நோட்டு, நட்டநடுவில் மடிப்பு! கேமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், கோடு தெரிகிறதா? விரலால் தடவினால் மேடு தட்டுகிறது. நோட்டை மடிப்பவர்களை எனக்கு அறவே பிடிக்காது, உங்களுக்கே தெரியும்.

சரி, இந்த நோட்டின் மேலுள்ள வட்ட முத்திரைக்கு வருகிறேன். 500 குருசெய்ரோ ரியல் என்று போட்டிருக்கிறது. விலைவாசி தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்ததால், 1993 ஆகஸ்டில் குருசெய்ரோ என்ற பணத்தின் பெயரைக் குருசெய்ரோ ரியல் என்று மாற்றி மூன்று சுழியங்களை வெட்டினார்கள். பழைய நோட்டின் மேலேயே முத்திரை குத்திவிட்டார்கள். 1986, 1989 ஆண்டுகளிலும் இதே வெட்டுதான். 1986இல் விலையை உறையவைத்தார்கள். சரக்கு கடையிலிருந்து மறைந்தது. 1990இல் மக்களின் வங்கிச் சேமிப்பையே முடக்கினார்கள். அதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. விலைவாசி மட்டும் அடங்கவே இல்லை.

அடக்கியது 1994. மார்ச் 1 அன்று யூ.ஆர்.வி. என்று, விலையையும் சம்பளத்தையும் கணக்கிட மட்டும் ஓர் அலகு வந்தது. அதற்கு நோட்டும் கிடையாது, நாணயமும் கிடையாது! ஏறக்குறைய ஒரு டாலர் மதிப்பு. பழைய பணத்தில் அது எவ்வளவு என்று மத்திய வங்கி தினமும் அறிவிக்கும். 2 யூ.ஆர்.வி. விலையுள்ள பொருளுக்கு முதல் நாள் 1,295 குருசெய்ரோ ரியல். ஜூன் கடைசியில் 5,500. ஆனால் விலைச்சீட்டில் அதே 2. நான்கு மாதம் அந்த அசையாத 2-ஐப் பார்த்துப் பார்த்து மக்கள் பழகிவிட்டார்கள். அதுவரை கடைக்காரர் ஏற்றினார் என்று வீட்டுக்காரர் ஏற்றுவார், வாடகை ஏறியது என்று சம்பளம் ஏறும், சம்பளம் ஏறியது என்று கடைக்காரர் மறுபடி ஏற்றுவார். அந்தச் செக்கிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டது இந்த அலகுதான். என்னைக் கேட்டால் பணத்தின் வரலாற்றிலேயே இதைவிட அழகான யோசனை இல்லை.

ஜூலை 1 அன்று அந்த அலகே ரியல் என்ற புதிய பணமானது. 1 ரியல், 2,750 குருசெய்ரோ ரியலுக்குச் சமம். ஜூனில் மட்டும் விலைகள் 45 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தன. ஜூலையில் ஏற்றம் 7 சதவீதத்துக்குள், ஆகஸ்டில் 2 சதவீதத்துக்குள் வந்துவிட்டது.

அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன், கொஞ்சம் பின்னால் போகிறேன். நிதியமைச்சர் பெர்னாண்டோ என்றிக் கார்டோசோ, அலகு வரும் முன்பே அரசின் வரவு செலவைச் சரிக்கட்ட ஓர் அவசர நிதியத்துக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலை வாங்கினார். அச்சடித்தே செலவு செய்கிற அரசு எந்தப் பெயரில் நோட்டுப் போட்டாலும் அதுவும் கரைந்துதான் போகும். ஜூலைக்குப் பிறகு வட்டியையும் மிக உயரத்தில் வைத்திருந்தார்கள். சம்பளங்களையும் மார்ச்சிலேயே, முந்தைய நான்கு மாதச் சராசரியை வைத்து, இந்த அலகுக்கு மாற்றிவிட்டார்கள்.

என் கையிலுள்ள இந்த 5,00,000, புதிய பணத்தில் கணக்குப் பார்த்தால் 18 சென்டாவோ (100 சென்டாவோ ஒரு ரியல்). இன்று இரவு கனமான அகராதிக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

இதோ, கூடவே வந்த 1994ஆம் ஆண்டின் 1 ரியல் நோட்டு. பின்பக்கத்தில் ரீங்காரச்சிட்டு கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு இரையூட்டுகிறது. ஒரு மடிப்புகூட இல்லை, ஓரங்கள் கத்திபோல் இருக்கின்றன!