அந்த நாற்பது பெண்கள் யார்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'மனிதரைக் குளோனிங் செய்வது அறிவியலின் வளர்ச்சியா, அறத்தின் மீறலா?' இதுதான் தலைப்பு. குளோனிங் என்றால் ஒரு உயிரின் செல்லிலிருந்தே அதன் நகலை உருவாக்குவது. மீறல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர், குளோனிங் முறையில் பிறந்த டாலி என்ற செம்மறி ஆட்டிலிருந்து தொடங்கினார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். அவர் பேசியது பிறந்த அந்த ஒரு ஆட்டைப் பற்றி. எனக்கு மற்ற ஆடுகளைப் பற்றிப் பேச வேண்டும்.

1996 ஜூலை 5ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் டாலி பிறந்தது. ஆறு வயது ஆடு ஒன்றின் மடியிலிருந்து செல்லை எடுத்தார்கள். வேறொரு ஆட்டின் கருமுட்டையிலிருந்து, மரபணுக்கள் இருக்கும் உட்கருவை நீக்கிவிட்டு, அதோடு இந்தச் செல்லை மின்சாரம் பாய்ச்சி ஒட்ட வைத்தார்கள். அப்படி ஒட்டியவை 277. கருவாகத் தேறியவை 29. அந்த 29ஐயும் 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தது ஒரே ஒரு குட்டி.

சரி, இப்போது ஆட்டுக்குப் பதிலாகப் பெண்ணை வைத்துக் கணக்குப் போடுவோம். குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களை ஒழுங்குபடுத்த நம் நாட்டில் 2021இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தானம் செய்யலாம், அப்போதும் ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 277ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். நாற்பது பெண்கள் வேண்டும். சுமப்பதற்குப் பதின்மூன்று பெண்கள். ஒரு நகல் பிறக்க ஐம்பத்து மூன்று பெண்களின் உடம்பு!

'அது பழைய கணக்கம்மா, அறிவியல் எவ்வளவோ முன்னேறிவிட்டது' என்று எதிரணியில் அடுத்து வருபவர் சொல்லக்கூடும். அதனால் புதிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் ஷாங்காய் விஞ்ஞானிகள் இரண்டு குளோனிங் குரங்குக் குட்டிகளை உலகத்துக்குக் காட்டினார்கள். அவை சிசுவின் செல்லிலிருந்து வந்தவை. அதே ஆய்வில் வளர்ந்த குரங்கின் செல்லை எடுத்தும் செய்து பார்த்தார்கள். 42 வாடகைத் தாய்க் குரங்குகள். 22 கருத்தரித்தன. பிறந்தவை இரண்டு. இரண்டும் சீக்கிரமே செத்துப்போயின. எதிரணி கேட்பது வளர்ந்த மனிதரின் நகலை. உறவில் நமக்கு இவ்வளவு நெருங்கிய விலங்கில் அந்த வழி போய்ச் சேர்ந்த இடம் இது. இதைத் தெரிந்துகொண்டே ஒரு பெண்ணிடம் போய், 'நீ சுமந்து பார், பிழைத்தால் பார்க்கலாம்' என்று எந்த மருத்துவர் கேட்பார்?

கருமுட்டை எடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். என் அக்கா சோதனைக் குழாய் முறையில் குழந்தை பெற்றவள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில், கொத்தமல்லிக் கட்டுக்குப் பக்கத்தில் ஊசி மருந்து இருக்கும். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிப் பிடித்து நான்தான் ஊசி போடுவேன். நேற்றுப் போட்ட இடம் நீலமாகக் கன்றியிருக்கும். அதைத் தள்ளி வேறு இடம் தேட வேண்டும். பத்தாம் நாள் வயிறு உப்பிப்போய், பாவாடை நாடாவை முடிய முடியாமல் நைட்டியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். 'இன்னும் ரெண்டு ஊசிதானேடி' என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். தன் பிள்ளைக்காகத் தாங்கினாள். இப்போது அவன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். யாரோ ஒரு பணக்காரர் தன்னையே இன்னொரு முறை பார்த்துக்கொள்ள ஆசைப்படுகிறார் என்பதற்காக இதை யார் தாங்குவார்?

யார் தாங்குவார் என்று தென்கொரியா ஏற்கெனவே காட்டிவிட்டது. ஹுவாங் வூ சுக் என்ற விஞ்ஞானி, மனிதக் கருவைக் குளோனிங் செய்து, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை எடுத்துவிட்டதாக 2004இலும் 2005இலும் அறிவித்தார். நாடே கொண்டாடியது. இரண்டும் பொய் என்று தெரிந்து, 2006இல் அந்த ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. பொய் போகட்டும். அதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடமிருந்து இரண்டாயிரத்துக்கும் அதிகமான கருமுட்டைகளை எடுத்திருந்தார்கள். பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தவர்கள் அதில் இருந்தார்கள். அவரிடமே வேலை பார்த்த இளம்பெண்களும் கொடுத்திருந்தார்கள். மேலதிகாரியின் ஆய்வுக்கு முட்டை கொடுக்கும் பெண் மனமொப்பித்தான் கொடுத்தாள் என்று எப்படி நம்புவது?

உடம்பை விற்கும் நிலைக்கு யார் வருகிறார்கள் என்று நம் ஊரையும் பார்த்துவிடுவோம். சென்னை வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று சொன்ன காலம் உண்டு. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். உறுப்பு விற்பனையைத் தடுக்க 1994லேயே சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

எதிரணியில் பேசிய தங்கை, 'குளோனிங் வழியாக மாற்று உறுப்பு கிடைக்கலாமே, டயாலிசிஸ் நாற்காலியில் காத்திருப்பவருக்கு என்ன பதில்?' என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது தங்கை. 2006இல் ஜப்பானின் யமனகா என்ற விஞ்ஞானி, எலியின் சாதாரணத் தோல் செல்லையே கருநிலை ஸ்டெம் செல்போல மாற்றிக் காட்டினார். மறு வருடமே மனிதச் செல்லிலும் செய்தார். 2012இல் நோபல் பரிசு. அதற்கு ஒரு பெண்ணின் கருமுட்டைகூட வேண்டாம். 2022இல் அமெரிக்காவில் மேரிலாண்டில் மரபணு திருத்திய பன்றியின் இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் வாழ்ந்தார். அந்தப் பன்றிகளை உருவாக்குவதில் குளோனிங் உண்டு. அதை நான் மறைக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. ஹரியானாவின் கர்னாலில் எருமைக் கன்றைக் குளோனிங் செய்ததையும் எதிர்க்கவில்லை. உறுப்புக்கு வழி தேடட்டும். அதற்காக ஒரு முழு மனிதரைப் படியெடுக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது?

கடைசியாக, இறந்துபோன குழந்தையைக் குளோனிங் செய்து அதன் தாய்க்குத் திருப்பிக் கொடுக்கலாமே என்றார்கள். அதைக் கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் திரும்பி வருவது அந்தக் குழந்தை இல்லையே! 2001இல் டெக்சாசில் ஒரு பூனையைக் குளோனிங் செய்தார்கள். மூலப் பூனைக்கு ஆரஞ்சும் சேர்த்து மூன்று நிறம். பிறந்த குட்டியிடம் அந்த ஆரஞ்சு நிறமே இல்லை. எந்த நிறம் எங்கே விழும் என்பது கரு வளரும்போது தீர்மானமாவது. ரோமமே அப்படி என்றால் குணம் எப்படி வரும்? தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டவன்தான் பெயரன், பேரன். நம் ஆட்கள் பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். அவன் தாத்தாவைப் போல நடக்காவிட்டால் யாரும் அவனைக் குறை சொல்வதில்லை. நகலாகப் பிறக்கும் பிள்ளையை அந்தத் தாய் தினமும் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்? அந்தப் பிள்ளை அதை எந்த வயதில் கண்டுபிடிக்கும்?

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவர் மேடை ஏறும்போது எனக்கு ஒன்றை மட்டும் சொல்லட்டும். அந்த நாற்பது பெண்களை எந்தத் தெருவிலிருந்து கூட்டி வருவார்கள்? அதில் அவர் வீட்டுப் பெண் ஒருத்தியாவது இருப்பாளா?

நன்றி. வணக்கம்.