லாக்குகளைத் திரட்டுவது பாதி வேலை: ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. பெரிய நிறுவனங்களில் சர்வர்கள், ஃபயர்வால்கள், டேட்டாபேஸ்கள், செயலிகள் எல்லாம் ஓயாமல் எழுதித் தள்ளும் நிகழ்வுப் பதிவுகளை, அதாவது லாக்குகளை, ஓரிடத்தில் குவிப்பது இன்று அவ்வளவு கடினமில்லை. குவித்த பிறகு அவை எல்லாவற்றையும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. இந்தக் காணொளியில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

திரையில் இரண்டு பதிவுகளைக் காட்டுகிறேன். மேலே இருப்பது ஒரு லினக்ஸ் சர்வரில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை எழுதியது. கடவுச்சொல் தவறு என்பதும், பயனர் பெயரும், ஐபி முகவரியும், போர்ட் எண்ணும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கின்றன. கீழே இருப்பது விண்டோஸ் பதிவு. நிகழ்வு எண் 4625, அதன் கீழே ஒவ்வொரு விவரமும் தனித்தனிப் புலத்தில், அதாவது பெயரிட்ட தனிக் கட்டத்தில், இருக்கிறது. லாகான் (உள்நுழைவு) வகை 3 என்றால் நெட்வொர்க் வழியாக வந்தது, 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தது. இரண்டு பதிவுகளும் சொல்வது ஒன்றுதான்: யாரோ உள்ளே நுழைய முயன்றார், முடியவில்லை. ஆனால், ஒரே ஐபி முகவரி இரண்டு இடங்களிலும் முயன்றதா என்று தேட வேண்டுமானால், அந்த முகவரி இரண்டிலும் ஒரே பெயருள்ள புலத்தில் இருந்தாக வேண்டும்.

புலப் பெயர்களுக்கும் முன்னதாக நேரத்தைச் சரிசெய்யுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். 2001இல் வெளியான ஆர்எஃப்சி 3164 என்ற இணைய நெறிமுறை ஆவணம் விவரிக்கும், லாக்குகளை அனுப்பப் பயன்படும் பழைய சிஸ்லாக் வடிவில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி மட்டுமே உண்டு. ஆண்டும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. டிசம்பர் 31 இரவில் எழுதப்பட்ட ஒரு வரி சில நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தால், பதிவுகளைத் திரட்டும் மென்பொருளான கலெக்டர் அதற்குப் புத்தாண்டின் எண்ணைச் சேர்த்து, ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின்னால் நடக்கப்போகும் நிகழ்வாக அதை மாற்றிவிடக்கூடும். 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 இந்தக் குறைகளைத் தீர்த்தாலும், பழைய வடிவில் அனுப்பும் கருவிகள் இன்னும் ஏராளமாக இருக்கின்றன. ஆகவே எல்லாக் கணினிகளின் கடிகாரங்களையும் என்டிபி என்ற நேர ஒத்திசைவு நெறிமுறை மூலம் ஒத்திசைத்து, கலெக்டரிலேயே நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, நிகழ்வு நடந்த நேரத்தையும் பதிவு வந்து சேர்ந்த நேரத்தையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டுக்கும் இடையே இடைவெளி திடீரென்று கூடினால், ஒன்று கடிகாரம் பிசகியிருக்கும், அல்லது வழியில் பதிவுகள் தேங்கியிருக்கும்.

அனுப்பும் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வந்து சேர்ந்ததை உறுதிசெய்யாத யுடிபி நெறிமுறையின் 514 போர்ட்டில் தொலையும் பதிவு தொலைந்ததாகவே தெரியாது. முடிந்த இடங்களில் டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறையுடன் 6514 போர்ட்டைப் பயன்படுத்தி, அனுப்பக் காத்திருக்கும் பதிவுகளுக்காக அனுப்பும் கணினியிலேயே டிஸ்க்கில் ஒரு வரிசையை வைத்துக்கொள்வது நல்லது.

நிகழ்வு எவ்வளவு மோசமானது என்று காட்டும் தீவிர நிலை எண்களில் கூடுதல் கவனம் தேவை. சிஸ்லாக்கில் 0 முதல் 7 வரை உள்ளவற்றில் 0 தான் மிக மோசமான நிலை. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான ஆர்க்சைட் உருவாக்கிய சிஇஎஃப் என்ற பதிவு வடிவில் 0 முதல் 10 வரை உண்டு. அங்கே 10 தான் மிக மோசம். இரண்டையும் அப்படியே ஒரே புலத்தில் போட்டுவிட்டால், எச்சரிக்கை விதி தலைகீழாகிவிடும்.

எந்தப் பொது வடிவைத் தேர்ந்தெடுப்பது? எலாஸ்டிக் நிறுவனத்தின் இசிஎஸ் என்ற பொதுப் புலப்பெயர்த் தொகுப்பு 2023இல் ஓப்பன்டெலிமெட்ரி என்ற திறந்த மூலத் திட்டத்துக்கு வழங்கப்பட்டது; பல நிறுவனங்கள் சேர்ந்து 2022இல் அறிவித்த ஓசிஎஸ்எஃப் என்ற பொது வடிவம் பாதுகாப்பு நிகழ்வுகளுக்காகவே வகுக்கப்பட்டது. பாதுகாப்புக் குழுவுக்கு ஓசிஎஸ்எஃப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் எதை எடுத்தாலும் அதில் நிலைத்திருப்பது முக்கியம். சொந்தமாக மூன்றாவது வடிவம் ஒன்றை உருவாக்கினால், ஒவ்வொரு புதிய கருவிக்கும் மாற்று விதியை நீங்களே எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

பயனர் பெயரும் ஒரு தனிப் பிரச்சினை. ஒரே ஆள் ஓரிடத்தில் டொமைன் பெயரோடும், இன்னோரிடத்தில் மின்னஞ்சல் வடிவிலும், மற்றோரிடத்தில் வெறும் எண் அடையாளமாகவும் வருவார். இவற்றை இணைக்கும் அட்டவணை இல்லாமல் அவருடைய நடமாட்டத்தைத் தொடர முடியாது. அதோடு, அவசரத்தில் சிலர் பயனர் பெயருக்கான இடத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிடுவதுண்டு; அது அப்படியே லாக்கில் பதிவாகிவிடும். எனவே லாக் கிடங்கை யார் பார்க்கலாம் என்பதைக் கண்டிப்பாக வரையறுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, மூல வரியை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். ஒரு ஃபயர்வாலின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதும் அதன் வரி அமைப்பு சற்றே மாறி, வரியைப் புலங்களாகப் பிரிக்க நீங்கள் எழுதிய க்ரோக் பேட்டர்ன் பொருந்தாமல் போகலாம். பிரிக்க முடியாத வரிகளுக்கு ஓர் அடையாளக் குறியிட்டுத் தனியே சேமித்து, அவற்றின் எண்ணிக்கை உயர்ந்தால் எச்சரிக்கை வருமாறு செய்யுங்கள். பேட்டர்னைத் திருத்திய பிறகு மூல வரிகளை மறுபடியும் செலுத்தினால், விடுபட்ட நாட்களின் விவரங்கள் முழுமையாகக் கிடைத்துவிடும்.