உச்சி வெயிலில் ஒரு மதில்

வணக்கம் உறவுகளே. இலங்கையின் வடக்கே, வன்னியில், முள்ளியவளையில் ஒரு ஒழுங்கைக்குள் நிற்கிறேன். நேரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நாளை மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. படம் எடுக்க விடியலும் பின்னேரமும்தான் நல்லது என்று நானே பல வீடியோக்களில் சொல்லியிருக்கிறேன். வன்னியில் சுவர்களை எடுக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

வன்னி பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருக்கிறது. அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, புத்தாண்டை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும், மதியம் 12.10 அளவில் சூரியன் நேரே தலைக்கு மேல் வரும். இந்தப் படலைக் கம்பத்தைப் பாருங்கள், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிட்டது. ஆனால் மதிலில் நடப்பது வேறு. வெயில் மேலிருந்து மதிலை உரசிக்கொண்டு இறங்குகிறது. ஒரு மணல் பருக்கைக்குக்கூட நீளமாக நிழல் விழுகிறது.

கொஞ்சம் கிட்டப் போவோம். இது பாதி பூசி, பாதி பூசாமல் விட்ட மதில். பூசிய பக்கத்தில் மேசன் மட்டப்பலகையைச் சுழற்றிய அரைவட்டங்கள், மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக. காலை வெயில் நேரே முகத்தில் அடித்தபோது இதே இடத்தில் நின்றேன். சாம்பல் நிறம் மட்டும்தான் தெரிந்தது. பூசாத பக்கத்தில் சீமெந்துக் கல் வரிசை. மேல்வரியின் பொருத்து ஒவ்வொன்றும் கீழ்வரிக் கல்லின் நடுவில் வந்து நிற்கிறது. என்ன ஒரு கணக்கு! இதை எடுக்கும்போது போனைச் சரிக்காதீர்கள். தள்ளி நின்று நிமிர்த்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் கோடுகள் மேலே போகப் போக ஒடுங்கிவிடும்.

சரி, எதிரே இருக்கிற வீட்டுக்கு வருவோம். போருக்குப் பிறகு இந்திய அரசு கொடுத்த வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள். புதிதாகக் கட்டியவர்களுக்கு 5.5 இலட்சம் ரூபா. பெரும்பாலும் வீட்டுக்காரரே நின்று கட்டினார்கள். இந்தப் பக்கத்தில் அப்படிக் கட்டிய வீடுகள் அநேகமாக ஒரே உருவம்தான், பெட்டிக்கு மேல் ஒரு முக்கோணம். அதனால் கண் தானாகவே நிறத்தைத் தேடிப் போகிறது. இந்த வீட்டின் கதவு ஆழ்ந்த நீலம். தண்ணீர் கொண்டுவந்த அக்காவிடம் கேட்டேன். “மனுசன்ர போட்டுக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற், தம்பி” என்றார். முல்லைத்தீவுக் கடலுக்குப் போன அதே நீலம்!

இன்னொன்று. தாழ்வாரத்துக்குக் கீழே சுவர் முழுக்க நிழல். வெள்ளை அடித்த சுவர்தான், ஆனால் இப்போது ரோஸ் நிறம். முற்றத்துச் சிவப்புக் கிறவல் மண்ணில் பட்ட வெயில் மேலே தெறித்துச் சுவரில் படுகிறது. போன் இதைப் பிழை என்று நினைத்துத் திரும்ப வெள்ளையாக்கிவிடும். நிறத்தைச் சரிக்கட்டும் வைட் பலன்ஸைத் தானாக விடாமல் வெயில் அடையாளத்தில் வையுங்கள்.

அப்புறம், படலையில் நின்று கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு வீட்டை இழந்து திரும்பக் கட்டியவர்கள் இவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து சும்மா படம் எடுத்தால் மனம் பதறும். நான் கேட்டதும் அக்கா முதலில் முற்றத்தைக் கூட்டினார்.

இப்போது கதவைத் திறந்து விடவா, சாத்தவா என்று கேட்கிறார்.

சாத்துங்கோ அக்கா. நீலம் முழுக்க வேணும்.