ஆற்றில் வலை போட்டாலும் அளந்து போடு

அவைத்தலைவர் அவர்களே, பாசன சங்கப் பெரியவர்களே, அழைப்பை ஏற்று வந்திருக்கும் நீர்வளத்துறை, மீன்வளத்துறை அலுவலர்களே, காலையிலிருந்து பந்தலில் நிற்கும் இளைஞர் மன்றத் தம்பிகளே, முன்வரிசைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

புதுவெள்ளம், மீன் என்று இரண்டைப் பேச வந்திருக்கிறேன். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்களே, அதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. கோடை முழுக்க மடுவிலும் பாலத்தடியிலும் கறுத்துக் கிடந்த சாக்கடையை முதல் வெள்ளம் ஒரேயடியாகத் தள்ளி வருகிறது. அழுகிய ஆகாயத்தாமரையும் அடிச்சேறும் கலங்கினால், அவற்றை மக்கச்செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் கெண்டைக்கு நிம்மதி. 3-க்குக் கீழே இறங்கினால் மேலே வந்து வாயைப் பிளக்கும். விராலும் தேளியும் காற்றைக் குடித்துத் தப்பிக்கும்.

அளப்பதென்றால் விடியற்காலையில் அளக்க வேண்டும். அளவு அடிமட்டத்துக்குப் போவது அப்போதுதான். 300 மில்லி புட்டியை நீருக்குள் மெல்லச் சாய்த்து நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் 2 மில்லி வீதம் விட்டு மூடிக் கவிழ்த்து ஆட்டுங்கள். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் உண்டு. வெள்ளையாகவே நின்றால் இல்லை. ஒரு குமிழி உள்ளே மாட்டினாலும் கணக்கு பொய். காரம் கையைப் புண்ணாக்கிவிடும், கையுறை அவசியம்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஷட்டரைத் தூக்கிய அன்று சாயங்காலம் எந்த மதகடிக்கும் போய்ப் பாருங்கள். புதுத்தண்ணீர் பட்டதும் சினைக்கெண்டை எதிரேறும். தாவும், விழும், மறுபடி தாவும். வயிறு புடைத்திருக்கும், தொட்டாலே சினை பிதுங்கும். அது களைத்து ஒதுங்கும் கரையோரத்தில்தான் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக் கொசுவலையோடு நிற்பார்கள். ஒரே வீச்சில் தாயும் விரல்நீளக் குஞ்சும் அரைக்கூடை! "ஏத்துமீன் ருசியே தனி" என்று கரையிலேயே விலை முடிந்துவிடும். கூடையின் அடியில் சினை கஞ்சியாக ஒழுகும். ஐயா, அப்படி ஒழுகுவது கார்த்திகையில் நம் வாய்க்காலில் ஓட வேண்டிய மீன்!

ஆற்றில் வலை போட்டாலும் அளந்து போடுங்கள் என்கிறேன். வலைக்கண்ணியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். தண்ணீர் திறந்த முதல் 15 நாள் மதகடியில் எந்த வலையும் கூடாது. கொசுவலை எந்நாளும் கூடாது. இதைக் கேட்டு எழுதிய மனு மேடைக்கு வலப்பக்க மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடச் சம்மதித்திருக்கிறார்கள். நீங்களும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வணக்கம்.