பச்சையாக இருந்த அறிக்கை

வணக்கம் நண்பர்களே. இன்று திரையில் ஒரு பழைய நிலை அறிக்கையைக் காட்டுகிறேன். பெயர்களை அழித்துவிட்டேன். காலம் பச்சை, செலவு பச்சை, தரம் பச்சை. பச்சை என்றால் எல்லாம் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. இந்த அறிக்கை போன ஐந்தே வாரத்தில் அந்த மென்பொருள் திட்டம் நின்றுபோனது. அறிக்கையைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தொழிலில் இதைத் தர்பூசணி என்பார்கள். வெளியே பச்சை, அறுத்தால் சிவப்பு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். இந்தப் பழத்தை மாதக்கணக்கில் மறைத்தோம். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. நிரல் எழுதியவர் "இரண்டு வாரம் தாமதமாகும்" என்றார். குழுத் தலைவர் அதைச் "சற்றே தாமதம், சமாளித்துவிடலாம்" என்று மாற்றினார். மேலாளரோ, "மஞ்சள் போட்டால் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்களே" என்று பச்சையைப் போட்டார்.

அதனால் ஒரு திட்டத்தைப் பரிசோதிக்கப் போனால் என் முதல் கேள்வி இதுதான்: கடைசியாக ஒரு கெட்ட செய்தி எப்போது மேலே போனது, சொன்னவருக்கு என்ன ஆயிற்று? "இங்கே கெட்ட செய்தியே கிடையாது" என்று பதில் வந்தால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அடுத்து இடர்ப் பட்டியல், அதாவது திட்டத்தில் எதெல்லாம் தவறாகப் போகலாம் என்ற பட்டியல். என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்று பாருங்கள். இதில் 14 இடர்கள், எல்லாம் முதல் வாரத்தில் எழுதியவை. பொறுப்பாளர் என்ற கட்டத்தில் எல்லா வரியிலும் "குழு". குழு என்றால் ஒருவரும் இல்லை என்று பொருள்.

எண்களுக்கு வருவோம். இன்றைக்குள் 100 நாள் மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும், முடிந்தது 80, அதற்குச் செலவானது 110. முடிந்ததை முடிந்திருக்க வேண்டியதால் வகுத்தால் கால விகிதம் 0.8, செலவானதால் வகுத்தால் செலவு விகிதம் சுமார் 0.73; 1-க்குக் கீழே என்றால் பின்தங்கியிருக்கிறோம். நல்ல கணக்குதான், ஆனால் கால விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. திட்டம் ஓராண்டு தாமதமாக முடிந்தாலும், கடைசியில் எல்லா வேலையும் முடிந்துவிடுவதால் அது தானாக 1-க்கு வந்துவிடும்! இறுதிக் கட்டத்தில் அதை நம்பாதீர்கள். "முடிந்தது" என்ற சொல்லையும்தான். ஆறு வாரமாக 90 சதவீதத்திலேயே நிற்கும் வேலையை நான் பூஜ்யமாகத்தான் எண்ணுவேன். சோதித்து, பயனர் ஏற்றுக்கொண்டால் 100. நடுவில் எதுவும் இல்லை.

அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் நினைவிருக்கிறதா? 2013 அக்டோபர் 1 அன்று திறந்தார்கள். முதல் நாளில் காப்பீட்டில் சேர முடிந்தது 6 பேரால். இறுதி முடிவு எடுக்க ஒரே ஆள் இல்லை, தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, முழுச் சோதனைக்கு நேரம் போதாது என்று வெளி ஆலோசகர்கள் பல மாதங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். மூன்றும் நிர்வாகத்தின் நோய்கள். சர்வரைக் குறை சொல்லி என்ன பயன்?

மீண்டும் நம் அறிக்கைக்கு வருகிறேன். வலது மூலையைப் பெரிதாக்குகிறேன். "முடிவெடுக்க வேண்டியவை: எதுவுமில்லை." பழைய தரவுகளைப் புதிய தளத்துக்கு மாற்றும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அன்றோடு ஒன்பது வாரமாகப் பதிலின்றிக் கிடந்தது. அதற்குக் கீழே, நான் அழித்து வைத்திருக்கும் பெயர் என்னுடையது.