கால் நொடி மௌனம், அரை அடி தூரம்

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டில் போய் வாழ்வதைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். விசா, வேலை ஒப்பந்தம், வாடகை வீடு பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லா ஏற்பாடும் முடிந்து, வேலையும் நன்றாகவே போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் காரணமே தெரியாமல் ஓர் அசதி வரும் பாருங்கள், அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

இதற்குக் 'கலாச்சார அதிர்ச்சி' என்ற பெயரைப் பரவலாக்கியவர் கலேர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலாளர். 1954-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், ஒரு மகளிர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். எப்போது கை குலுக்குவது, அழைத்தால் ஒப்புக்கொள்வதா மறுப்பதா, ஒருவர் சொன்னதை நிஜமாக எடுத்துக்கொள்வதா விளையாட்டாக விடுவதா என்று, யோசிக்காமலே நாம் படிக்கும் அடையாளங்கள் ஏராளம். அவை மொத்தமாகக் கைவிட்டுப் போகும்போது வரும் பதற்றம்தான் இது என்றார். அறிகுறிகளையும் அடுக்கினார்: ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீர் மேல் சந்தேகம், எல்லாரும் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற பயம், எங்கேயோ வெறித்துப் பார்ப்பது. வெளியே வாழ்ந்தவர்கள் இதைக் கேட்டால் லேசாகச் சிரிப்பார்கள். இதில் ஒன்றாவது அவர்களுக்கும் வந்திருக்கும்.

சரி, அந்த அடையாளங்கள் எவ்வளவு நுட்பமானவை? பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு முடித்ததும், பதில் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்று 10 மொழிகளில் அளந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. சராசரி இடைவெளி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானிய மொழியில் கேள்வி முடியும்போதே பதில் வந்துவிடுகிறது. பத்தில் மிகவும் நிதானம் டேனிஷ் மொழி. அதிலும் அரை நொடிக்குள்தான். அதாவது ஒரு மொழிக்காரருக்கும் இன்னொரு மொழிக்காரருக்கும் நடுவே இருப்பது நொடியின் சிறு துண்டு. ஆனால் காது அதைக் கவனித்துவிடுகிறது.

இது அலுவலகக் கூட்டத்தில் என்ன செய்யும் தெரியுமா? மற்றவர் முடிக்கட்டும் என்று நீங்கள் பழகிய இடைவெளிக்காகக் காத்திருப்பீர்கள். அதற்குள் மூன்று பேர் பேசி முடித்திருப்பார்கள். 'இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை போல' என்று நினைத்துக்கொள்வார்கள். இன்னொரு நாட்டில் நேர் எதிராக நடக்கும். அவர் மூச்சு விடத்தான் நிறுத்தியிருப்பார், நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். முந்திரிக்கொட்டை என்று பெயர் கிடைக்கும். இரண்டு இடத்திலும் உங்கள் குணத்தின் மேல்தான் பழி விழும். நீங்களும் பதிலுக்கு அவர்கள் குணத்தைத்தான் குறை சொல்வீர்கள். நடுவில் இருந்த கால் நொடி யாருக்கும் நினைவுக்கு வராது.

நின்று பேசும் தூரமும் அப்படித்தான். 42 நாடுகளில் கேட்டுப் பார்த்து 2017-இல் வந்த ஆய்வில், அறிமுகமில்லாதவரை மிகத் தள்ளி நிறுத்த விரும்பியவர்கள் ருமேனியர்கள். மிக அருகில் நிற்கவிட்டவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். வாழ்க்கையின் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். ராபர்ட் லெவின் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளரும் 31 நாடுகளில் நடைவேகம், தபால் நிலையத்தில் ஒரு தபால்தலை வாங்க ஆகும் நேரம், வங்கிக் கடிகாரத்தின் துல்லியம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். சுவிட்சர்லாந்து முதலிடம், மெக்சிகோ கடைசி. வங்கிக் கடிகாரத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியதே, அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இதையெல்லாம் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்பீர்கள். கேட்கலாம், ஆனால் 'உங்கள் பழக்கவழக்கங்கள் என்னென்ன' என்று கேட்டால் திருவிழாவைப் பற்றிச் சொல்வார். பிறந்ததிலிருந்து செய்வதை அவர் கவனித்ததே இல்லை. கேள்வியைச் சின்னதாக்குங்கள். ஏழு மணிக்கு வா என்றால் வாசலில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்? ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்கிறாரே, நாள் குறிக்க வேண்டியது அவரா, நானா? மேலதிகாரி 'யோசிக்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தமா? அவர் ஒரு நிமிடம் விழிப்பார், அப்புறம் சரியாகச் சொல்வார். இப்படிக் கேட்க ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும், பாதி அசதி போய்விடும்.

அதற்குப் பதிலாக நம்மில் பலர் செய்வது, நம் ஆட்களோடு உட்கார்ந்து அந்த நாட்டுக்காரர்களைத் திட்டுவது. சுகமாகத்தான் இருக்கும், எப்போதாவது என்றால் நான் தடுக்கவில்லை. தினமும் அதுவே என்றால் உங்களுக்குப் பதில் சொல்லக்கூடிய அந்த ஒரு ஆளைத் தேடவே மாட்டீர்கள்.

'ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும்' என்று சொல்லி அனுப்புவார்கள். அதை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் தங்கித் திரும்பிய 200 நார்வேக்காரர்களை வைத்து லிஸ்கார்ட் என்ற சமூகவியலாளர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலோ இருந்தவர்களைவிட, இடைப்பட்ட காலம் இருந்தவர்களே அதிகம் ஒட்டாமல் இருந்தார்கள். எல்லாருக்கும் இந்தக் கணக்கு பொருந்துவதில்லை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. இருந்தாலும் ஏழெட்டு மாதம் கழித்து மனம் தளர்ந்தால், நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து அவசரமாக மூட்டை கட்ட வேண்டாம்.

ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. திரும்பியவுடன் இதே சிக்கல் சொந்த வீட்டிலேயே இன்னொரு சுற்று வரும். 1963-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். பேச்சின் இடைவெளியும் நிற்கும் தூரமும் உங்களுக்குத் தெரியாமலே மாறியிருக்கும். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் 'வெளிநாடு போனதும் ஆளே மாறிவிட்டார்' என்று பேச்சு கிளம்பும், அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நன்றி, வணக்கம்.