இடப்பக்கம் இல்லாத உலகம்

நேயர்களுக்கு வணக்கம். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி உட்கார, எழுந்து நிற்க, சட்டை போட்டுக்கொள்ளப் பழக்குவது என் வேலை. வேலைக்கு வந்த புதிதில் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். தட்டில் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பசி அடங்கவில்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டார். இடது பாதியில் வைத்தது வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் நின்ற மகள், "இதோ இருக்கேப்பா, கண்ணு தெரியலையா?" என்று சத்தம் போட, அவர் திருதிருவென்று விழித்தார். நான் தட்டை அப்படியே அரைவட்டம் திருப்பி வைத்தேன். மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார்.

அவருக்குக் கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. பக்கவாதத்தில் பார்வையின் ஒரு பாதி போய்விடுகிறவர்களும் உண்டு, ஆனால் அவர்களில் பலருக்கு அந்தக் குறை தெரியும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஈடுகட்டிக்கொள்வார்கள். இவர் திருப்பவே மாட்டார். ஏனென்றால் திரும்பிப் பார்க்க அந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லை. ஒரு கோடு போட்டு நடுவில் குறி வைக்கச் சொன்னால் குறி வலது ஓரமாகப் போகும். கடிகாரம் வரையச் சொன்னால் பன்னிரண்டு எண்களையும் வலது பாதிக்குள் நெருக்கி எழுதிவிட்டு, சரியாக வரைந்துவிட்ட திருப்தியோடு பேனாவைக் கீழே வைப்பார். மருத்துவர்கள் இதை நெக்லெக்ட் என்பார்கள், தமிழில் ஒருபக்கப் புறக்கணிப்பு. எனக்கு இந்தப் பெயரே பிடிக்காது. ஒன்றைப் புறக்கணிக்க வேண்டுமானால் அது இருப்பதாவது தெரிய வேண்டாமா?

இதை எனக்குப் புரியவைத்தது ஓர் ஆய்வு. 1978இல் வெளிவந்தது. இத்தாலியின் மிலான் நகரில் எதோவார்தோ பிசியாக் என்ற நரம்பியல் ஆய்வாளர், லுட்சாட்டி என்பவரோடு சேர்ந்து செய்தது. வலது மூளை அடிபட்டு இதே கோளாறு வந்த இரண்டு பேர், இருவருக்கும் அந்த ஊரின் பேராலயச் சதுக்கம் நன்றாகப் பழகிய இடம். காகிதம், பேனா, படம் எதுவும் கிடையாது. சதுக்கத்தின் ஒரு கோடியில், பேராலயத்துக்கு எதிரே நின்று அதைப் பார்ப்பதாக மனதில் நினைத்துக்கொண்டு, சுற்றி என்னென்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்கள், அவ்வளவுதான். அப்படி நிற்பவருக்கு வலது கைப்பக்கம் பழைய அரண்மனை வரும், இடது கைப்பக்கம் கண்ணாடிக் கூரை வேய்ந்த காலெரியா என்கிற கடைவீதி. இருவரும் வலப்பக்கத்தில் இருப்பதையே சொல்லிக்கொண்டு போனார்கள், இடப்பக்கம் பெரும்பாலும் விட்டுப்போயிற்று.

சரி, மறந்துபோயிருக்கும் என்று நினைக்கலாம். அப்புறம் பிசியாக் அடுத்த கேள்வியைக் கேட்டார். இப்போது பேராலயத்தின் வாசலில், அதற்கு முதுகைக் காட்டி நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், என்ன தெரிகிறது? சற்று முன் விட்டுப்போன பக்கம் இப்போது வலது கைப்பக்கமாகிவிட்டது. அந்தக் கட்டடங்களெல்லாம் வரிசையாக வந்தன. முதலில் சொன்னவை காணாமல் போயின.

நினைத்துப் பாருங்கள். சதுக்கம் முழுவதும் அவர்கள் ஞாபகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒரு காட்சியை மனதில் எழுப்பும்போதுதான், எங்கே நிற்பதாக நினைக்கிறார்களோ அந்த இடத்திலிருந்து பார்த்தால் இடப்பக்கமாக இருப்பது எழும்புவதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டாலும் இடது பாதி இல்லை. முதன்முதலாக இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது, அந்த மனிதரிடம் நானும் ஒருமுறை எரிச்சல்பட்டிருக்கிறேன், அதுவும் சேர்ந்து ஞாபகம் வந்து மனசு கஷ்டப்பட்டது.

ஏன் பெரும்பாலும் இடப்பக்கமே போகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது: இடது மூளை முக்கியமாக வலப்பக்கத்தைக் கவனிக்கிறது, வலது மூளை இரண்டு பக்கத்தையும் கவனிக்கிறது. அதனால் இடது மூளை அடிபட்டால் வலது மூளை ஓரளவு தாங்கிக்கொள்ளும். வலது மூளை அடிபட்டால், அதிலும் காதுக்கு மேலே பின்பக்கமாக இருக்கிற பகுதி அடிபட்டால், இடப்பக்கத்தைக் கவனிக்க ஆளே இல்லை.

ஆனால் அந்தப் பக்கத்துச் செய்தி உள்ளே போகவே இல்லையா என்றால், போகிறது. 1988இல் மார்ஷல், ஹாலிகன் என்ற இருவர் இங்கிலாந்தில் ஒரு பெண்ணிடம் இரண்டு வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீப்பிடித்து எரிகிறது. இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்றார் அந்தப் பெண். எந்த வீட்டில் குடியிருப்பீர்கள் என்று கேட்டபோது, இது என்ன கேள்வி என்பது போலத்தான் பதில் சொன்னார், ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டபோது பெரும்பாலும் எரியாத வீட்டையே காட்டினார். பார்த்ததாக அவருக்கே தெரியாத நெருப்பு அவருடைய முடிவை மாற்றியிருக்கிறது. நோயாளியின் இடப்பக்கம் நின்று, அவருக்குத்தான் தெரியாதே என்று அவரைப் பற்றியே பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நெருப்பு ஞாபகம் வரும்.

சிகிச்சை உண்டா? பயிற்சிதான் முக்கியம், அதற்குப் பொறுமை வேண்டும். 1998இல் பிரான்சைச் சேர்ந்த ரொசெட்டியும் அவருடைய குழுவினரும், பார்க்கிறதையெல்லாம் 10 டிகிரி வலப்பக்கம் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை மாட்டிவிட்டு, எதிரே இருக்கிற புள்ளியை 50 தடவை கையால் சுட்டச் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றின பிறகு கை தானாக இடப்பக்கம் சாய்ந்தது, கூடவே கவனமும் கொஞ்சம் இடப்பக்கம் வந்தது, அந்தச் சின்னப் பயிற்சியின் பலன் 2 மணி நேரமாவது நின்றது. பிறகு வந்த ஆய்வுகளெல்லாம் ஒரே மாதிரி பலன் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து அதட்டாதீர்கள். படிக்கக் கொடுக்கிற தாளின் இடது ஓரத்தில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள், அந்தக் கோடு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டு அப்புறம் வரியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவசரமான விஷயத்தை வலப்பக்கம் நின்று சொல்லுங்கள், பயிற்சி நேரத்தில் இடப்பக்கமிருந்து கூப்பிட்டு அவர் திரும்பும்வரை காத்திருங்கள். சக்கர நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும் முன் இடப்பக்க பிரேக்கை நீங்களே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள், நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல் அந்தப் பிரேக்கைப் போடாமல் விட்டதால் வந்தவை. வாசல்நிலையில் இடது தோள் இடித்துக்கொள்ளும், அந்தத் தோளோடு கூட நடந்து போங்கள்.

நாள் ஆக ஆகப் பலருக்கு இது குறையும். ஜெர்மன் ஓவியர் ஆன்டன் ரேடர்ஷைட்டுக்கு 1967இல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன் முகத்தையே வரைந்துகொண்டிருந்தார். முதலில் வரைந்தவற்றில் வலது பாதியில் மட்டும் முகம், இடது பாதி ஏறக்குறைய வெறும் காகிதம். அவர் விடவில்லை, மாதக்கணக்கில் வரைந்தார். ஒவ்வொரு படமாக முகம் இடப்பக்கம் நகர்ந்து வருகிறது, ஒரு கண், கன்னத்தில் பாதி, அப்புறம் இன்னொரு காது.

நன்றி, வணக்கம்.